திறந்திருந்த அறை

அந்த அறை அன்றுதான் திறந்திருந்தது.

போன செமஸ்டர் முழுக்க அவள் வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிய கதவு. எப்போது வந்தாலும் பூட்டுதான் தொங்கும். இன்று ‘மாணவர் மனநல ஆலோசனை’ என்ற பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

உள்ளே, அம்மா வயதில் ஒரு பெண்மணி இருந்தார்.

“வாம்மா, உட்காரு. எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசு.”

அது போதுமாக இருந்தது.

முதலில், தூக்கம் வரவில்லை என்றாள். சோறு இறங்கவில்லை என்றாள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவளது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொள்வது. ஆய்வகக் கதவை உள்ளே தாழிடுவது. அவர் கை போன இடங்கள். தான் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம் என்று சிரித்துக்கொண்டே சொன்னது.

“வீட்டுல சொன்னா அம்மா படிப்பையே நிறுத்திடுவாங்க, மேடம்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மூன்று பேர் வந்து நின்றார்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைகளை மதிப்பிட வந்த குழு. கூடவே மாணவர் நல இயக்குநர், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி குழைந்துகொண்டு.

பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை வருடிக் கொடுத்தார்.

அவள் உடைந்து அழுதாள்.

குழுவில் ஒருவர் திருப்தியாகத் தலையசைத்தார். அவர்கள் நகர்ந்தார்கள்.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பெண்மணி அவள் கையை விட்டார்.

“அப்பாடா, போயிட்டாங்க! நான் ஃபீஸ் கவுண்டர்ல இருக்கிறவ. இங்க கவுன்சிலிங்குக்கு ஆளே போடல, இன்னிக்கு மட்டும் உட்காருங்கன்னு இயக்குநர் சார் சொல்லிட்டார்.”

பெண்மணி நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டார்.

“நீ என்னமா நடிக்கிற கண்ணு! அழுறதுக்கு ஒரு பொண்ணு வரும்னுதான் சொன்னார். இப்படி நிஜக் கண்ணீரா வரும்னு நான் நினைக்கவே இல்ல. அவர் சொன்ன பொண்ணு நீதானே?”

பெண்மணியின் முகத்தில் துளி கள்ளம் இல்லை.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

“ஆமா, மேடம்.”