முன்வரிசைக் கண்ணீர்

முகமூடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுமே, முன்வரிசையில் இருந்த பெரியவர் கிறிசாந்தோ குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அருங்காட்சியக இயக்குநர் மிரேயாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"அவரை எடுங்க, அவரை எடுங்க! இன்னும் கிட்டப் போங்க!" என்று டிவி கேமராக்காரரை விரட்டினாள்.

இந்தக் கண்ணீருக்காகத்தான் இரண்டு வருஷமாகத் தலைகீழாக நின்றாள். அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித்தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஊர்மக்கள் அருங்காட்சியகத்தோடு கைகோத்திருக்க வேண்டும், அதைத் தங்கள் பிரதிநிதி நேரில் வந்து பார்க்க வேண்டும்.

ஊர்மக்களோடு மிரேயா கைகோத்த அழகு ஊருக்கே தெரியும். குவாத்தமாலா நகரத்திலிருந்து வந்து இறங்கிய முதல் மாதமே, புனிதர் சந்தியாகோ திருவிழாவுக்குக் காலங்காலமாக ஊரார் ஆடிவந்த அருங்காட்சியக முற்றத்துக்கு வேலி போட்டுப் பூட்டினாள். ஆடினால் புல் கெட்டுப்போகிறதாம்.

இப்போது அதே ஊராரின் தயவு வேண்டியிருந்தது. ஆட்டக்குழுத் தலைவர் பால்தசாரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நீங்க திருவிழாவுல ஆடற முகமூடியைக் கொண்டு வாங்க. மேடையில எங்க கையில கொடுங்க. முற்றத்துச் சாவியை உங்க கையில தர்றேன்."

"நாங்க ஆடறதுதானே? கொண்டு வந்துட்டாப் போச்சு" என்றார் பால்தசார்.

அதற்கு மேல் மிரேயா ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க நேரம் எங்கே? அழைப்பிதழ் பச்சையா நீலமா என்று முடிவெடுக்கவே மூன்று கூட்டம் போட வேண்டியிருந்தது.

இன்று காலை மேடையில் பதினாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினாள். அதில் பால்தசாருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், முற்றம் இனி ஊருக்கே என்று எழுதிய பக்கம். அதை மட்டும் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கி இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டார்.

மிரேயா மைக்கைப் பிடித்தாள். "இந்த மக்களோட மூதாதையர் முகம் இது!"

பெட்டிக்குள் இருந்ததோ ரோஜாக் கன்னமும் பொன்னிற மீசையுமாக ஒரு ஸ்பானியத் தளபதியின் முகம். இந்த மக்களின் மூதாதையரை வெட்டிச் சாய்த்தவன். ஆட்டத்தில் அவன்தான் வில்லன். பின்வரிசையில் ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முகமூடியின் உள்பக்கமும் தெரியும்படி பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தார்கள். நெற்றிக்கு உள்ளே, மாட்டுக்குச் சூடு போடுவது போல, ஒரு சேவல் உருவத்தைச் சுட்டிருந்தார்கள்.

"இந்தச் சின்னத்தைப் பாருங்க! முந்நூறு வருஷமா இவங்க காப்பாத்திட்டு வர்ற ரகசியம். பால்தசார் ஐயா, இது எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

"யாரோடதுன்னு தெரியறதுக்குத்தான் மேடம்."

"கேட்டீங்களா! இந்த மண்ணோட அடையாளம்!" என்று மிரேயா கையை உயர்த்தினாள். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டிய சீமான்களுக்கு ஒயினும் இறாலும் வந்தன. பின்னால் நின்ற ஊராருக்குக் காகிதத் தட்டில் ஆளுக்கொரு தமாலே, அதாவது சோளமாவுக் கொழுக்கட்டை.

பெரியவர் கிறிசாந்தோ தட்டுத் தடுமாறி எழுந்து பெட்டியருகே வந்தார்.

"மேடம், இதை எப்ப திறப்பீங்க?"

"இனிமே திறக்கவே மாட்டோம் பெரியவரே. காத்துகூடப் புகாம சீல் வெச்சாச்சு. நூறு வருஷத்துக்கு ஒரு தூசு படாது."

"நூறு வருஷமா?"

தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பால்தசாரைத் திரும்பி ஒரு முறை முறைத்தார். படம் பிடித்துவிட்டுப் பொருளை அங்கேயே போட்டு மறந்துபோகிற அதிகாரிகளையே இதுவரை பார்த்திருந்த பால்தசார், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பிறகு அழுகை இரட்டிப்பானது. அறக்கட்டளைப் பிரதிநிதியின் கண்களே கலங்கிவிட்டன. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வதைப் பார்த்த மிரேயாவுக்குப் புதுக் கட்டடத்தின் வாசற்படியே கண்ணில் தெரிந்தது.

பிரதிநிதி மைக்கை வாங்கிக்கொண்டு பெரியவர் அருகில் மண்டியிட்டார். "அழாதீங்க ஐயா. உங்க பரம்பரைச் சொத்தையே தூக்கிக் கொடுத்திருக்கீங்க. உங்க குடும்பத்துல முதல்முதல்ல இதை மாட்டிக்கிட்டு ஆடினது யாரு? நேரடி ஒளிபரப்பு இது, நாடே பார்த்துட்டிருக்கு. சொல்லுங்க."

பெரியவர் மூக்கைச் சிந்தினார். "எங்க குடும்பத்துல யாருக்கும் ஆடவே வராதுங்க. நான் இந்த ஊரே கிடையாது."

மிரேயாவின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. "அப்ப நீங்க யாரு?"

"இந்த மலைப்பக்கம் எந்த ஊர்ல ஆட்டம்னாலும் முகமூடி என் கடையிலேர்ந்துதாம்மா போகும். அந்தச் சேவல் என் கடை மார்க்கு."

"கடையா?"

"வாடகைக் கடைம்மா! வெள்ளிக்கிழமை இது அடுத்த ஊருக்குப் போகணும், பெட்டியைத் திறங்க."