அண்ணன் பங்குத் தண்ணீர்

காலை பதினோரு மணிக்கு அண்ணன் பங்குத் தண்ணீரைத் திருடிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மண்ணில் ஈரம் பார்க்கக் குத்திவைத்திருக்கும் சென்சாரைப் பிடுங்கி, வெயிலில் கொதித்துக்கிடந்த பாறைமேல் படுக்கவைத்தேன்.

மூன்றாவது நிமிடம், எங்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் செயற்கை நுண்ணறிவு மெஷினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மக்காச்சோளம் பாலைவனத்தில் நிற்கிறது என்று முடிவுகட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒட்டகம் அனுப்பியிருக்கும்.

வால்வு தானாகத் திறந்தது. கணுக்கால்வரை தண்ணீர்.

குழாய் இரண்டு பேருக்கும் பொது. அதனால் தண்ணீர் திறந்தால் இரண்டு போனிலும் மணி அடிக்கும். என்னுடையது அடித்தது. அப்படியென்றால் அவனுடையதும் அடித்திருக்கும்.

மெஷின் வருவதற்கு முன்னால் எல்லாம் மண்வெட்டிதான். நாற்பது வருஷம் நான் அவன் மடையை வெட்டினேன், அவன் என் மடையை அடைத்தான். வாரம் தவறாமல் சண்டை. ஒருதடவை நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பயந்து, பாதி வழி வந்த மழை திரும்பிப் போய்விட்டது. நம்பாதவர்கள் அந்த வருஷத்து மழை அளவை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சொத்தைப் பிரித்ததிலிருந்து அவன் வாசலை நான் மிதித்ததில்லை, என் வாசலை அவனும் மிதித்ததில்லை. நல்லது கெட்டது எல்லாம் மடையில்தான். அவன் மகன் வேலைக்குப் போனதை, 'என் பிள்ளை உன்னை மாதிரி தண்ணி திருடிப் பிழைக்கலடா' என்ற வசவிலிருந்து தெரிந்துகொண்டேன். என் மகள் கல்யாணத் தேதியை நானும் அப்படித்தான் அவன் காதில் போட்டேன்.

பிறகு மெஷின் வந்தது. மண், வானம், பயிரின் வயது எல்லாம் பார்த்து, ஒரு சொம்பு கூடக்குறைய இல்லாமல் பிரித்துக் கொடுத்தது. விளைச்சலும் கூடியது, பொய் சொல்லக் கூடாது.

யார்மேலும் தப்பில்லை என்று ஆகிவிட்டது. மூன்று வருஷமாக எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

போன வாரம் மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகிறதாம். "உங்களுக்குத் தெரியாதா?" என்று வேறு கேட்டுவைத்தார். தெரியாமல் என்ன என்று தலையை ஆட்டிவிட்டு, தேவையில்லாத ஒரு தைலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எழுந்து நடமாடுகிறானா, படுத்த படுக்கையா என்று யாரிடம் போய்க் கேட்பது?

மணி பன்னிரண்டு. பாதையில் ஒரு நாய் வந்தது, என்னைப் பார்த்தது, போனது.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் மக்காச்சோளம் வேரோடு அழுகும். சென்சாரை எடுத்து மண்ணில் குத்தினால் தண்ணீர் நின்றுவிடும். நான் குத்தவில்லை.

பன்னிரண்டரைக்கு வளைவில் ஒரு குடை தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

சென்சாரை எடுத்து மண்ணில் குத்தினேன். குடைக்கு முன்னால் குரல் வந்து சேர்ந்தது.

"டேய் கொக்குக் காலா! நெஞ்சைக் கிழிச்சுத் தச்சு, நடக்காதேன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிறான், உன்னாலதான்டா ஒரு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கேன்! பேத்தி பிறந்திருக்கா, போய் நிம்மதியா முகத்தைப் பார்க்கலாம்னா அவளுக்கு அப்படியே உன் மூக்கு! இந்தப் பாவத்தையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

விட்டுக்கொடுக்க முடியுமா?

"கண்ணுல புரை எடுத்து ஆறு மாசம் ஆச்சு. இப்பதான் உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது, அதைவிடப் பெரிய பாவமா?"

"ரெண்டு கண்ணுமா?"

"ரெண்டும்தான்."

"அப்படியும் உனக்கு எது யார் தண்ணின்னு தெரியலையே!"

அரைமணி நேரம் திட்டினான். மூச்சு வாங்கும்போது நான் திட்டினேன். பழைய வசவு ஒன்றைக்கூட அவன் மறந்திருக்கவில்லை. எங்கள் அப்பாவை இழுத்தான், நான் அவன் மாமனாரை இழுத்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

கடைசியில் குடையை ஊன்றிக்கொண்டு திரும்பினான். நாலு அடி போய் நின்றான்.

"வியாழக்கிழமை என் முறைடா. அன்னைக்குத் தண்ணில கை வச்சுப் பாரு, நேர்ல வந்து காலை ஒடிக்கிறேன்."

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்தப் போகத்துக்கு அவன் வயலில் ஒரு விதைகூடப் போடவில்லை, வெறும் தரை. அதைப் பார்த்துவிட்டு மெஷின் போன மாதமே அவன் பங்கு முழுவதையும் எனக்கு மாற்றி, அவனுக்கும் எழுதி அனுப்பிவிட்டது.

அவனுக்கு வியாழக்கிழமை என்று ஒன்று கிடையாது.