மானிட்டர் காணாத வானம்

எடிட்டிங் அறையில் ஒரு பழைய மானிட்டர் இருந்தது. ஒரு காலத்தில், "நிறம்னா இதுலதான் பார்க்கணும்" என்று எல்லோரும் அதன் முன்னால் வந்து நிற்பார்கள். அந்த நாட்களை நினைத்துக்கொண்டே அது வேலை பார்த்துவந்தது.

ஒரு நாள் புதுக் கேமரா, உப்பளத்தில் எடுத்த விடியலைக் கொண்டுவந்தது. மானிட்டரில் வானம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது.

"வெளுத்துப்போச்சே! இந்த ஷாட் வேண்டாம்" என்றாள் எடிட்டர் மரியசெல்வி.

கேமரா பதறியது. "அண்ணே, அங்கே செக்கச்செவேல்னு மேகம் இருந்துச்சு. நான் பார்த்தேன்!"

"அவ்வளவு வெளிச்சம் எனக்குத் தாங்காது தம்பி. எல்லாத்தையும் குறைச்சு வாங்கிக்கிட்டா மேகமாவது தெரியும்."

"நீங்க மங்கிட்டீங்கன்னு தூக்கிப் போட்டுட்டா?"

மானிட்டர் கொஞ்சம் தயங்கியது. பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. உப்புக் குவியல்கள் இருண்டன. வானத்தில் மேகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"அடேயப்பா, இத்தனையும் இதுக்குள்ளேயா இருந்துச்சு!" என்ற மரியசெல்வி, அந்த ஷாட்டை வைத்துக்கொண்டாள். அதை முழுசாகப் பார்ப்பதற்கென்று பெரிய மானிட்டர் ஒன்றும் வந்தது. பழையதை அலமாரியில் ஏற்றிவிட்டார்கள்.

படம் முடிந்து திரையிட்ட அன்று, அரங்குக்குப் போய்வந்த கேமராவையும் அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

"அண்ணே, இன்னிக்கு அந்த வானத்தைப் போட்டாங்க. எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க."

"எப்படி இருந்துச்சு?" என்றது மானிட்டர். "மெதுவாச் சொல்லு. ஒண்ணையும் விட்டுடாதே."