முந்நூற்றுப் பத்து மீட்டர்

அவள் கையிலிருந்த இரண்டு மரப்பலகைகளையும் ஒன்றோடொன்று ஓங்கி அடித்தாள்.

டக்.

சத்தம் கம்பிவேலியைத் தாண்டிப் போனது. காவலாளியிடம் அது அனுமதி கேட்கவில்லை. குவாரியின் பாறைச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

அது காதில் விழுந்த கணத்தில் அடுத்த அடி.

ஒவ்வொரு அடிக்கும் சத்தம் ஒரு முறை போய்வருகிறது. நூறு முறை போய்வர எவ்வளவு நேரம் என்று பார்த்தால், பாறை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். ஒலி நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் ஓடும். மகளின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது.

ஜீப்பில் சாய்ந்து நின்ற அதிகாரியின் கோப்பில் வேறு கணக்கு இருந்தது. பாறைக்கும் இந்த அங்கன்வாடிக்கும் நடுவே முந்நூற்றுப் பத்து மீட்டர். முந்நூற்றுக்குக் குறைந்தால் வெடி வைக்க அனுமதி கிடையாது. பத்து மீட்டர் தாராளமாகவே விட்டிருந்தார்கள், புண்ணியவான்கள்.

இன்று அவர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு வெடி.

போன செவ்வாய்க்கிழமை வெடித்தபோது கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் படுக்கும் பாயில் விழுந்தது. நல்லவேளை, அவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள்.

பதினேழு பிள்ளைகள். சோறு போடுவதும் தூங்கவைப்பதும் அவள்தான். அன்றிலிருந்து எல்லோரையும் வெளியே, புங்கமரத்தடியில்தான் படுக்கவைக்கிறாள்.

டேப் வைத்து அளக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாயிற்று. உள்ளே வெடிமருந்து இருக்கிறது, ஆள் நுழையக் கூடாது என்று குவாரி மேலாளர் குணாளன் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார். அதிகாரியும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

சரி, ஆள்தானே நுழையக் கூடாது.

டக்.

டக்.

முந்நூற்றுப் பத்து மீட்டர் என்றால் நூறு முறை அடிக்க மூன்று நிமிடம் ஆகவேண்டும். நேற்று நான்கு தடவை நூறு நூறாக அடித்துப் பார்த்தாள். ஒரு முறைகூட ஒன்றரை நிமிடத்தைத் தாண்டவில்லை. பாதித் தூரம்தான். யாருக்குக் காது குத்துகிறார்கள்?

அதிகாரியின் கைபேசியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் சிரித்துக்கொண்டேதான் அதை எடுத்தார். நாற்பதாவது அடியில் திரையைப் பார்த்தார். முப்பத்தைந்து நொடி.

சிரிப்பு நின்றது.

குணாளன் சற்றுத் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார்.

ஐம்பது. ஐம்பத்தொன்று.

குவாரிக்குள் கல் உடைக்கும் கிரஷர் உறுமத் தொடங்கியது.

அவள் அடித்தாள். எதிரொலி கேட்கவில்லை. வந்துதான் இருக்கும். அந்த இரைச்சலில் எங்கே கேட்க?

"சத்தத்த வச்சு அளக்குறதெல்லாம் எந்த ஊர்ல சார் இருக்கு?" என்றார் குணாளன். "வேலை நேரம். சாயங்காலம் வரைக்கும் மெஷின் ஓடும்."

அதிகாரி கோப்பைப் பிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். ஆனால் எழுதவில்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவதா? நேரே நடந்துபோய் ஜீப்பின் முன் சக்கரத்தருகே மண்ணில் உட்கார்ந்தாள். பலகைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெஷின் எப்ப நிக்குதோ அப்ப அடிக்கிறேன் சார். அதுவரைக்கும் வண்டிய எடுக்க விடமாட்டேன்."

"எந்திரிம்மா" என்றார் குணாளன்.

அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தாய்மார்களில் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி.

வெயில் ஏறியது. கிரஷர் ஓடியது. கல் தூள் காற்றில் வந்து எல்லோர் மேலும் படிந்தது, அதிகாரியின் கோப்பின் மேலும்.

திடீரென்று கிரஷர் நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குணாளன் போனில் கத்தினார். மறுபடி கத்தினார்.

பாறை விளிம்பில் ஒரு மனிதர் வந்து நின்றார். கிரஷரை ஓட்டுகிறவர். ஒடிசாக்காரர். மூன்று வருடமாகக் குவாரியின் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார், ஊரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவருக்கு வேலை போய்விடும். அவருக்கும் அது தெரியும்.

குணாளனின் கத்தல் பாறையில் பட்டு அவரிடமே திரும்பி வந்தது.

அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்துதான் அடிக்கவேண்டும்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கைபேசியைக் கையில் எடுத்தார்.

டக்.

"ஒண்ணு" என்றார் அதிகாரி, எல்லோருக்கும் கேட்கும்படி.