அன்னம்மாள் மலைக்குத் துணை

"அக்கா, என் தோளைப் பிடிச்சுக்குங்க. வழுக்குது பாருங்க," என்றாள் ஜெயலெட்சுமி.

மழையில் ஊறிய செம்மண் சாலையில் நவமணியின் கால் மறுபடியும் சறுக்கியது. முழங்கால் ஏற்கெனவே சிராய்த்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

1926 ஜூலை. மலாயாவில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா. பட்டர்வொர்த் துறையில் பினாங்குப் படகைவிட்டு நவமணி இறங்கியபோது, தனியாக நின்றிருந்த ஜெயலெட்சுமி தானாக வந்து அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது.

பின்னால் வந்த மாட்டுவண்டி நின்றது. "ஏறிக்குங்கம்மா, காசு வேணாம்லா," என்றார் வண்டிக்காரர்.

"நடந்தே வர்றதா நேர்ந்திருக்கேன் பாய்," என்று நவமணி கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டி போய்விட்டது.

"நீ வேதக்காரி இல்லையே தங்கச்சி, நெத்தியில துன்னூறு இருக்கு. நீ எதுக்கு இவ்வளவு தூரம் நடக்கிறே?"

"மகனுக்காகத்தான்க்கா. இந்தத் தாயி கேட்டதைக் குடுப்பான்னு நிபோங் திபால் ஊர்ல சொன்னாங்க."

"உடம்புக்கு முடியலையா?"

ஜெயலெட்சுமி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "ஒரே புள்ளை," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணுதான்," என்றாள் நவமணி. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவள் மகன் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். குடித்துவிட்டு வந்த சண்டையில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டையால் அடித்துவிட்டான். அடிபட்டவன் அங்கேயே விழுந்து செத்துப்போனான். வழக்கு நடந்தபோது, மயங்கி விழுந்துவிடுவாள் என்று பயந்து நவமணியைக் கோர்ட்டுப் பக்கமே போகவிடவில்லை அவள் தம்பி. தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.

"கவர்னருக்கு மனு போட்டிருக்கு. இந்த வாரம் பதில் வந்துடும். தாயி மனசு வச்சாத்தான் உண்டு. வேற எங்க போவேன் தங்கச்சி?"

ஜெயலெட்சுமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "உங்க மகன் பேரு என்னக்கா?"

"அருளப்பன்."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. ஜெயலெட்சுமி எழுந்தாள். மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள்.

நவமணிக்கு ஆச்சரியமாக இல்லை. அவள் குடியிருந்த சுங்கை பினாங் வரிசை வீடுகளிலும் இப்படித்தான். கொலைகாரனைப் பெற்றவள் என்று ஆனபின் தண்ணீர்க் குழாயடியில்கூட அவள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தாள். மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. ஓடையின் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்தவள் அப்படியே சேற்றில் விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு போன கூட்டம் எப்போதோ வளைவைத் தாண்டிவிட்டது.

"தாயே, நான் வந்து சேரலைன்னா என் புள்ளையைக் கைவிட்டுடுவியா?" என்று சேற்றில் கிடந்தபடியே கதறினாள்.

யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். ஜெயலெட்சுமி.

"எந்திரிங்க."

குரலில் முன்பிருந்த கனிவு இல்லை. ஆனால் இடுப்பைச் சுற்றிப் பிடித்த கை உறுதியாக இருந்தது.

"என்னைத் தொட உனக்கு அருவருப்பா இல்லையா?"

"பேசாதீங்க. நடங்க."

மலையடிவாரத்துக் கோயில் வரும்வரை ஜெயலெட்சுமி பிடியை விடவில்லை. கடைசி ஏற்றத்தில் நவமணியைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் கொண்டுபோனாள்.

உள்ளே, சின்ன மரியாளை அணைத்தபடி நின்றிருந்தாள் அன்னம்மாள். அந்தச் சுரூபத்தின்முன் நவமணி மண்டியிட்டாள். இத்தனை தூரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வேண்டுதலில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. திரும்பி ஜெயலெட்சுமியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கேட்டா தாயி காது குடுக்க மாட்டா. ஒரு உயிரை எடுத்தவனைப் பெத்தவ நான். நீ கேளு தங்கச்சி. எனக்காக நீ கேளு!"

ஜெயலெட்சுமி காலை விடுவித்துக்கொள்ளவில்லை. அன்னம்மாளின் அணைத்த கையையும் அந்தக் கையில் இருந்த குழந்தையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, நவமணியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

வெளியே வந்ததும் நவமணி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டே தங்கச்சி?"

"அருளப்பனைத் தூக்குல போட வேணாம்னு கேட்டேன்."

நவமணி அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்து அழுதாள். "உன் மகனுக்கு? அவனுக்காகத்தானே இம்புட்டுத் தூரம் வந்தே? அவனுக்கு என்ன கேட்டே?"

"அவனுக்கு இனிமே கேக்க ஒண்ணும் இல்லைக்கா." ஜெயலெட்சுமி கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மனுவைக் கவர்னர் தூக்கி எறியணும்னு கேக்கத்தான் வீட்டைவிட்டுக் கெளம்புனேன்."

நவமணியின் அழுகை சட்டென்று நின்றது. மெல்லத் தலையை உயர்த்தினாள்.

"நீ... நீ யாரு?"

"செத்தவனைப் பெத்தவக்கா."