இறங்காத குரல்

லாகோஸிலிருந்து இபாதானுக்குத் திரும்பிய கோலாடே, தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டதும் ஆடிப்போனான். பெண்கள் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மனைவி மொரேனிகேவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்து மூன்றே நாள். வாய் திறந்தால் ரத்தம் கசியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இவன் போனோ காலையிலிருந்தே சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

"மொரேனிகேவுக்கு என்னாச்சு?"

அவன் அக்கா பீசி அலறிப் பின்வாங்கினாள். "டேய்... நீ மனுஷன்தானா?"

"விளையாடாதேக்கா! அவ உயிரோட இருக்காளா?"

"அவளுக்கென்ன, உள்ளேதான் இருக்கா. செத்தது நீதானேடா!"

பீசி தன் போனை நீட்டினாள். மொரேனிகே ஆன்லைனில் யொரூபா மொழி சொல்லிக்கொடுப்பவள். பேச முடியாததால் பாடத்தை எழுதி, எந்திரக் குரலில் மாணவர் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். பீசியின் மகளும் அதில் படிக்கிறாள்.

"என் ஒக்கோ செத்துப்போச்சு. இனி வேற பார்க்கணும்" என்றது எந்திரம்.

ஒக்கோ என்ற சொல்லைக் குரல் இறக்கி முடித்தால் வண்டி, இறக்காவிட்டால் கணவன். பாடத்தில் அவள் எழுதியது வண்டியைப் பற்றி; எந்திரம் குரலை இறக்கவில்லை.

"அவளைக் கேட்டிருக்கலாமே!"

"பேசவா முடியும் அவளால? நாங்க அழுறதைப் பார்த்ததும் அவளும் அழ ஆரம்பிச்சுட்டா. அப்புறம் என்ன சந்தேகம்?"

கோலாடே உள்ளே பாய்ந்தான். மொரேனிகே ஓடிவந்து சத்தமில்லாமல் அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். பிறகு போனில் எதையோ தட்டினாள்.

"என் ஒக்கோ வந்தாச்சு" என்றது எந்திரம், அதே இறங்காத குரலில்.

இந்த முறை அது சரியாகத்தான் சொன்னது.