மஞ்சள் கோட்டு

"நடிப்புன்னா இதுதான் நடிப்பு!" என்று மெக்கானிக் கை தட்டினார். "நமக்கெல்லாம் கோட்டு மாட்டியும் வாய் தொறக்க மாட்டேங்குது. அந்தம்மா பொளந்து கட்டுறாங்க பாருங்க!"

சமுதாயக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மஞ்சள் கோட்டு போட்டு நடுவில் நின்ற அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

கோட்டு, 'பிளான் மேடம்' என்று எல்லோரும் கூப்பிடும் இளம் திட்ட அலுவலரின் ஏற்பாடு. குடியிருப்பின் நாளைய நலத்தைக் குடியிருப்பவர்களே கூடித் தீர்மானிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு இருப்பவர்களை மட்டும் கேட்டால், இன்றைய சௌகரியம்தான் வாயில் வரும். அதனால் விருப்பமுள்ள சிலர் மேசையிலிருந்து ஒரு மஞ்சள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். போட்ட நொடியிலிருந்து அவர்கள் ஐம்பது வருடம் கழித்து இதே தெருக்களில் வாழ்கிறவர்கள்.

அவர்கள் 'மூடலாமா' என்று கேட்கக் கூடாது. 'மூடினீங்க, இப்படி ஆச்சு' என்றுதான் பேச வேண்டும். பேசப் பேச மனசு தானாகவே அந்தக் காலத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அன்றைக்கு முடிவாக வேண்டியது குளம். மூடிவிட்டுக் கடைகள் கட்டுவதா, தூர்வாரி வைத்துக்கொள்வதா? கை தூக்கினால் போதும். மண் நிரப்பிய லாரிகள் வாசலிலேயே காத்திருந்தன.

"கொசு வளக்கறதுக்கு ஒரு குளமா?" என்றார் சங்கத் தலைவர். "பிளான் மேடம் போன மாசந்தான் நம்ம தெருவுக்குக் குடிவந்தாங்க. நாலு நாள் கடி வாங்கினா அவங்களே கூடை எடுத்து மண்ணு கொட்டுவாங்க."

பிளான் மேடமும் சேர்ந்து சிரித்தாள். தேநீர்த் தட்டு அருகில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சில நாட்களாக அந்த வாசனையே ஆகவில்லை. காரணத்தை இன்னும் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க மேல சொல்லுங்கம்மா" என்றாள்.

"மூடினீங்க" என்றார் அந்த அம்மாள். "கடை வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஏழு வயசுல அந்த மழை. மூணு தெருத் தண்ணியும் சரிவுல எறங்கி வந்து குளத்தைத் தேடுச்சு. குளம் இல்ல. வீட்டுக்குள்ள வந்துச்சு."

மெக்கானிக் தேநீரைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா என்னை மொட்டை மாடில உக்கார வெச்சாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையத் தூக்கியாறேன்னு எறங்கினாங்க. நாலு படி வரைக்கும் தலை தெரிஞ்சுது. அப்பறம் தண்ணிதான் தெரிஞ்சுது." அவர் குரலில் நடுக்கமே இல்லை. "வீட்ல எல்லாம் போச்சு. அம்மா கையால தைச்ச துணி ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு."

 வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாளின் விரல்கள் கோட்டுப் பையைத் தடவிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் பிளான் மேடம் கவனித்தாள். பையின் வாய் கீழே பார்த்திருந்தது.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தையல்காரர் கொடுத்ததில் ஒரு கோட்டு குறைந்ததால், கடைசிக் கோட்டை நேற்று அவளே தைத்தாள். அவசரத்தில் பையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பாவம், அது இவர் கையிலா அகப்பட வேண்டும்? குழல் விளக்கில் அது மட்டும் ஏனோ வெளிறியும் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்குத் தையல் வராது. பை தலைகீழா போச்சு."

"இருக்கட்டும்." அந்த அம்மாள் அவளைக் கண் கொட்டாமல் பார்த்தார். "இதுல எதையும் போட்டு வெக்க முடியாது. கைய வெச்சுக்கலாம். அது போதும்."

குளம் இருக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவர் மெக்கானிக். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. கடைசியாகச் சங்கத் தலைவரும், கழுத்தைச் சொறிவதுபோல் கொண்டுபோன கையை அப்படியே மேலே தூக்கிவிட்டார். லாரிகள் கொண்டுவந்த மண்ணோடு திரும்பின.

கூட்டம் கலைந்தது. ஆளாளுக்குக் கழற்றிப் போட்ட கோட்டுகளை அவள் மடித்து, கொண்டுவந்த துணிமூட்டைக்குள் வைக்கப் போனாள். மூட்டையின் அடியில் ஏதோ விரலில் சுருக்கென்று குத்தியது.

உள்ளே இன்னொரு கோட்டு இருந்தது. பளிச்சென்ற மஞ்சள். போட்ட மடிப்புக் கலையவில்லை. தலைகீழ்ப் பையில், நேற்று அவள் எடுக்க மறந்த குண்டூசி அப்படியே இருந்தது.

 ஜன்னலுக்கு ஓடினாள். குளத்தங்கரையில் யாரும் இல்லை. காற்றே இல்லாமல் தண்ணீரில் வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

அதற்குள் காவலாளி வந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீங்க விடுங்க மேடம், நான் எறக்கித் தாரேன்."

"அந்தம்மா எங்கண்ணே? மஞ்சள் கோட்டோட நின்னாங்களே?"

"கோட்டோடயே குளத்துப் பக்கம் போனாங்க. அப்பறம் ஆளைக் காணோம். போறப்ப என்னக் கூப்பிட்டு, மேடத்தைக் கனம் தூக்க விடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"ஏனாம்?" என்று கேட்டாள்.

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் ஒண்ணும் விளங்கல மேடம். 'அவங்க வயித்துல நான் இருக்கேன்'னாங்க."